குழப்படியும் மொக்கும்: இரண்டு பெயர்களின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணைப் பெற்றோர் கூட்டத்தில் ஓர் உம்மா கேட்டார்: "சேர், இவன் மூணாம் ஆண்டுக்கு வந்திட்டான். இன்னும் ஒரு வரி வாசிக்கிறானில்ல. இது குழப்படியா, இல்லாட்டி மூளையில ஏதும் குறையா?" அந்த இடத்தில் எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சுற்றி மற்றப் பெற்றோர் இருந்தார்கள், நேரமும் இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் படிக்காத பிள்ளைக்கு இரண்டே இரண்டு பெயர்தான் உண்டு. சத்தம் போட்டால் குழப்படி. சத்தம் போடாவிட்டால் மொக்கு. கிளிநொச்சியிலும் இதுதான், முல்லைத்தீவிலும் இதுதான், வவுனியாவிலும் இதுதான். ஆசிரியர் அறையில் கொஞ்சம் மரியாதையாக 'மெல்லக் கற்போர்' என்று சொல்வோம். பொருள் ஒன்றுதான். கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி. என்ற இரண்டு சொற்களும் ஒரே பாடத்தில், ஒரே பக்கத்தில் வந்தன. பரீட்சைக்கு வரைவிலக்கணம் பாடமாக்கினோம். பாடசாலைக்குப் போனதும் மறந்தோம்.

மறந்ததன் விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மீள்குடியேறிய புதிதில் எங்களிடம் ஆறாம் ஆண்டில் ஒரு பொடியன் படித்தான். வாசிப்புப் பாடம் வந்தால் சண்டை பிடிப்பான். வாங்கு வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும்போது தன் முறைக்கு இரண்டு பேர் முன்னால் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், கொப்பியைத் தட்டிவிடுவான். நாங்கள் வெளியே போய் நில் என்போம். அவனும் போய் நிற்பான். அவன் எண்ணி வைத்துத்தான் கிள்ளுகிறான் என்று எங்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதே பொடியன் மீலாத் விழாவுக்கு மூன்று பக்கப் பேச்சொன்றை ராத்தா இரண்டு தடவை வாசித்துக் காட்டியதைக் கேட்டே மனனம் செய்து, ஒரு சொல் பிசகாமல் மேடையில் பேசினான். கை தட்டினோம். அடுத்த நாள் வகுப்பில் திரும்பவும் வெளியே அனுப்பினோம். ஒன்பதாம் ஆண்டோடு பாடசாலையை விட்டுவிட்டான்.

பல வருடம் கழித்து ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தான். "சேர், கண்ணாடி கொண்டுவரல்ல. இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க." அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. கண்ணாடி போடுபவனே இல்லை.

இப்படிப் பிழைவிட்டது நாங்கள் மட்டுமல்ல. இந்த இரண்டையும் பிரித்தறிய உலகத்து வைத்தியர்களுக்கே நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. பிரித்தார்கள், பிறகு ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள், திரும்பவும் பிரித்தார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் எங்கள் பிள்ளைகளைப் பார்க்கும் கண்ணும் மாறும் என்பது எங்கள் எண்ணம்.

வாசிப்பிலிருந்து தொடங்குவோம். 1877 இல் குஸ்மௌல் என்ற ஜேர்மன் வைத்தியர் 'சொற்குருடு' என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். கண் தெரிகிறது, பேச்சு இருக்கிறது, ஆனால் எழுதிய சொல் மட்டும் விளங்காத நிலை. 1887 இல் ஸ்டுட்கார்ட் நகரக் கண் வைத்தியர் ருடொல்ஃப் பெர்லின் அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் வைத்தார். இவர்கள் பார்த்தது பெரும்பாலும் மூளையில் நோய் வந்த பெரியவர்களை. பிறப்பிலேயே இப்படி இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது பரவியிருக்கவில்லை.

1896 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பிரிங்கிள் மோர்கன் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் சீஃபோர்ட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தவர். அவரிடம் வந்தவன் பேர்சி என்ற 14 வயதுப் பையன். கெட்டிக்காரன், விளையாட்டில் சுறுசுறுப்பு. ஏழு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தும் ஓரசைச் சொற்களைத் தாண்டி அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து முன்பின் மாற்றி எழுதினான். ஆனால் 749 ஐ 867 ஆல் பெருக்கு என்றால் சட்டென்று சரியாகப் பெருக்கினான். அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மோர்கன் பதிந்து வைத்திருக்கிறார்: படிப்பு முழுவதும் வாய்மொழியாக இருந்தால் இந்தப் பையன்தான் பாடசாலையிலேயே கெட்டிக்காரனாக இருப்பான் என்று.

இதை முதல் தடவை வாசித்தபோது எங்களுக்கு மீலாத் மேடை ஞாபகம் வந்தது. நூற்றி இருபது வருடத்துக்கு முன் ஓர் ஆங்கிலேய ஆசிரியர் கண்டதை, கைத்தொலைபேசி வைத்திருந்த நாங்கள் காணவில்லை. மோர்கன் எழுதியதற்குக் காரணமே அந்த ஆசிரியர் கவனித்ததுதான் என்று எங்களுக்குப் படுகிறது. வைத்தியர் பையனைச் சில தடவை பார்த்திருப்பார். தினமும் பார்த்தவர் ஆசிரியர்.

பிறகு கிளாஸ்கோவின் கண் வைத்தியர் ஹின்ஷல்வூட் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலரைப் பார்த்து 1917 இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் 1925 இல் எழுதத் தொடங்கினார். ஒலி, எழுத்தின் வடிவம், கை அசைவு மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் முறையொன்று அவரிடமிருந்தும், அவரோடு வேலைசெய்த ஆசிரியை அனா கில்லிங்ஹமிடமிருந்தும் வந்தது. இன்றும் அதன் வழிவந்த முறைகள்தான் பல நாடுகளில் நடக்கின்றன. ஆனால் இவர்கள் எல்லோரும் இது கண்ணால் பார்ப்பதோடு, எழுத்தின் உருவத்தோடு சம்பந்தப்பட்ட பிரச்சினை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். அது பிழை. வருகிறோம்.

மற்றப் பெயரின் கதை இதைவிடப் பழையது. 1798 இல் ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் மனநோய்கள் பற்றிய தன் நூலில் கவனம் என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஒரு பொருளில் மனம் நிற்காத தன்மை சிலருக்குப் பிறப்பிலேயே வரலாம் என்றும், வயது போகப்போகக் குறையலாம் என்றும் எழுதினார். 1840களில் பிராங்பர்ட் வைத்தியர் ஹைன்ரிஷ் ஹொஃப்மன் தன் மூன்று வயது மகனுக்காகப் படக்கதைகள் செய்தார். பின்னர் அச்சில் வந்த அந்தக் கதைகளில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ஒருவன் சாப்பாட்டு மேசையில் கதிரையை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேசை விரிப்போடு விழுகிறவன். மற்றவன் வானத்தைப் பார்த்தபடியே நடந்து தண்ணீருக்குள் விழுகிறவன். துள்ளுகிற பிள்ளையும் கனவு காண்கிற பிள்ளையும். இரண்டுமே கவனத்தின் சிக்கல்தான் என்பதை மருத்துவப் புத்தகம் ஒப்புக்கொள்ள இன்னும் நூற்றி முப்பது வருடம் போக வேண்டியிருந்தது.

1902 இல் லண்டனில் குழந்தை வைத்தியர் ஜோர்ஜ் ஸ்டில் 43 பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்தார். புத்தி சரியாக இருக்கிறது, ஆனால் அடங்குகிறார்களில்லை, ஒன்றில் நிலைக்கிறார்களில்லை. அவர் இதற்குச் சொன்ன பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு'. பாருங்கள், வைத்தியர்களின் சபையிலும் சொல் ஒழுக்கத்துக்குத்தான் போயிற்று. எங்கள் குழப்படியும் அதுதான். ஆனால் ஸ்டில்லுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். இது வளர்ப்பின் பிழையல்ல, உடம்பில் ஏதோ காரணம் இருக்கிறது என்று அவர் அன்றே சொன்னார்.

முதலாம் உலக யுத்த காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. தப்பிய பிள்ளைகளில் பலர் அமைதியிழந்து, அடங்காதவர்களாக மாறினார்கள். அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: துடியாட்டமான பிள்ளையின் மூளையில் எங்கோ சிறு காயம் இருக்க வேண்டும். 1937 இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் தலையிடிக்காகப் பிள்ளைகளுக்கு ஒரு கிளர்ச்சி மருந்து கொடுத்தார். தலையிடி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பேரில் 14 பேரின் பாடசாலை வேலை ஆச்சரியப்படும்படி திருந்தியது. பிள்ளைகளே அதைக் கணக்குக் குளிசை என்று அழைத்தார்களாம். உசுப்பும் மருந்து துடியான பிள்ளையை எப்படி அமைதியாக்கும் என்று அப்போது விளங்கவில்லை. இன்று ஏ.டி.எச்.டி.க்கு வைத்தியர்கள் கொடுக்கும் முக்கிய மருந்துகளின் ஆரம்பம் இதுதான்.

இனிக் குழப்பம் வருகிறது. 1960களின் தொடக்கத்தில் ஒக்ஸ்போர்டில் கூடிய வைத்தியர்கள் 'மூளைக் காயம்' என்ற சொல்லைக் கைவிட்டு, 'மிகச்சிறு மூளைச் செயற்பாட்டுக் கோளாறு' என்று சொல்லலாம் என்றார்கள். 1966 இல் அமெரிக்காவில் வந்த ஓர் அறிக்கை அந்தப் பெயரின் கீழ் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அறிகுறிகளைப் போட்டது. வாசிக்கத் தெரியாதவன், துள்ளுகிறவன், எழுத்துக் கோணலானவன், பந்து பிடிக்கத் தெரியாதவன், கோபக்காரன் எல்லோரும் ஒரே சாக்குக்குள். எங்கள் கல்லூரிப் பாடத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்ததற்கும் இந்தச் சாக்குக்கும் தூரத்து உறவு இருக்கலாம்.

சாக்கை அவிழ்த்தவர்கள் பெரும்பாலும் வைத்தியர்கள் அல்ல, பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திப் பரிசோதித்த உளவியலாளர்கள். 1970களில் கனடாவின் வேர்ஜினியா டக்ளஸ் துடியாட்டமான பிள்ளைகளின் அடிப்படைச் சிக்கல் துள்ளல் அல்ல, கவனத்தைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாமையும் தன்னை நிறுத்திக்கொள்ள முடியாமையும்தான் என்று காட்டினார். அதே காலத்தில் இசபெல் லிபர்மன் போன்றோர் வாசிப்புச் சிக்கலின் வேர் கண்ணில் இல்லை, காதுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிறது என்றார்கள். பேசும் சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, அந்த ஒலியை எழுத்தோடு சேர்ப்பதில்தான் பிள்ளை தடுமாறுகிறது. 1983 இல் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்டும் சுமார் 400 சிறுவர்களை நான்கு வருடம் பின்தொடர்ந்து, வாசிக்கத் தொடங்கும் முன்பே ஒரே ஓசையுள்ள சொற்களைச் சேர்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் பிறகு நன்றாக வாசித்தார்கள் என்று கண்டார்கள். எதுகையும் மோனையும் உள்ள எங்கள் தாலாட்டும் நொடியும் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

1980 இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேடு இரண்டையும் தனித்தனித் தலைப்பில் போட்டது. ஒன்று வாசிப்பு வளர்ச்சிக் குறைபாடு, மற்றது கவனக் குறைபாடு. துள்ளாமல், சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அப்போதுதான் இடம் கிடைத்தது. ஹொஃப்மனின் இரண்டாவது பையன். எங்கள் வகுப்புகளில் இவர்கள் அனேகமாகப் பெண்பிள்ளைகள். தொந்தரவில்லாத பிள்ளை என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதிவிட்டு விடுகிறோம்.

உலகக் கதை இவ்வளவும். இனி எங்கள் கதை. இந்தப் பதிவை எழுத வைத்ததும் இதுதான்.

1968 இல் உலக நரம்பியல் சம்மேளனம் டிஸ்லெக்சியாவுக்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது. வழமையான கற்பித்தல், போதிய புத்தி, சமூக கலாசார வாய்ப்பு எல்லாம் இருந்தும் வாசிக்கக் கற்பதில் ஏற்படும் இடர்பாடு என்பது அதன் சாரம். நல்ல வரைவிலக்கணம்தான், சீஃபோர்டில் இருக்கும் பேர்சிக்கு. அவனுக்கு ஏழு வருடம் ஆசிரியர் இருந்தார். வன்னியில் 1990 முதல் 2009 வரை எந்தப் பிள்ளைக்கு வழமையான கற்பித்தல் கிடைத்தது?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்கள் கைக்குழந்தைகள். தண்ணீரூற்றிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் போனவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களிலும் பின்னேர வகுப்புகளிலும் படித்தோம். வன்னியில் இருந்த எங்கள் தமிழ்ச் சகோதரர்களின் பிள்ளைகள் மரத்தடியிலும் பதுங்குகுழிக்குப் பக்கத்திலும் படித்தார்கள். 2009 இல் மெனிக் பாமில் கூடாரத்துக்குள் படித்தார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. நாங்கள் ஆசிரியர்களாகித் திரும்பி வந்தபோது எங்கள் வகுப்பில் பன்னிரண்டு வயதில் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள் இருந்தார்கள். ஏன் வாசிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. யுத்தம். அவ்வளவுதான் பதில்.

பெரும்பாலானோருக்கு அந்தப் பதில் சரி. ஜேர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், யுத்தத்தின் கடைசிக் கட்டத்துக்கு முன்னரே, வடகிழக்கில் 420 மாணவரை ஆய்வு செய்தார்கள். நேர்காணல் செய்தவர்கள் உளவளத்துணையில் பயிற்றப்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள். 2009 இல் வெளியான அந்த ஆய்வின்படி நூற்றுக்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினரின் மரணம் போன்ற கொடிய அனுபவம் ஒன்றையாவது கண்டிருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோயாகவே இருந்தது. மனவடு உள்ள பிள்ளையும் கவனம் சிதறும், திடுக்கிடும், வகுப்பில் இருந்தபடியே வேறெங்கோ போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஏ.டி.எச்.டி. மாதிரியே இருக்கும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னியின் கூட்டு மனவடு பற்றி எழுதியதை இயலுமானவர்கள் தேடி வாசியுங்கள்.

ஆனால் சிலருக்கு அந்தப் பதில் பிழை. எங்கள் பொடியனின் தங்கச்சியும் அதே கொட்டிலில் இருந்தவள், அதே பாதையில் வந்தவள். அவள் வாசித்தாள். யுத்தம் எல்லாவற்றுக்கும் காரணமானபோது பிறப்பிலேயே வாசிப்புச் சிக்கலோடு வந்த பிள்ளையும், பிறப்பிலேயே கவனச் சிக்கலோடு வந்த பிள்ளையும் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோனார்கள். வரைவிலக்கணத்தின்படி வன்னிப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கவே முடியாது என்றாகிவிட்டது, வாய்ப்பு இல்லாத பிள்ளை ஆயிற்றே.

இன்று எங்களிடம் படிக்கும் சிறுவர்கள் யுத்தத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவோடு பாடசாலைகள் மூடின, அடுத்த வருடமும் பெரும்பகுதி போயிற்று, 2022 இல் எரிபொருள் நெருக்கடி. 'கொரோனாப் பிள்ளைகள், அப்பிடித்தான்' என்று இப்போதும் நாங்களே சொல்கிறோம். பழைய பதில், புதுப் பெயர்.

சரி, எப்படிப் பிரித்தறிவது?

அந்த உம்மாவுக்கான பதில் இங்கிருந்து. பிள்ளை எதில் தோற்கிறது என்று பார்க்காதீர்கள், எங்கே தோற்கவில்லை என்று பாருங்கள். ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை முழுதாகக் கேட்டு, விட்டுப்போகாமல் திருப்பிச் சொல்கிறதா? அப்படியென்றால் கவனமும் புத்தியும் இருக்கிறது. அதே அளவு கதையைத் தானே வாசிக்கச் சொன்னால் வியர்க்கிறதா, எழுத்தெழுத்தாகத் தடுக்குகிறதா, முதலெழுத்தைப் பார்த்து ஊகிக்கிறதா? அது வாசிப்புப் பக்கம். மாறாக, நீங்கள் சொன்ன கதையிலும் நடுவில் தொலைந்துபோகிறது, பந்தடிக்கும்போதும் தன் முறையை மறக்கிறது, ஓதப் போன இடத்தில் செருப்பை விட்டுவிட்டு வருகிறது, பக்கத்தில் இருத்தி விரலால் காட்டினால் மட்டும் சொற்களைச் சரளமாக வாசிக்கிறது என்றால் அது கவனப் பக்கம். இப்போதைய மருத்துவ விதியும் இதையே கேட்கிறது. கவனச் சிக்கல் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பாடசாலை என்று இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். வாசிப்புப் பாடத்தில் மட்டும் குழப்படி செய்பவனுக்குக் கவனக் குறைபாடு என்று சொல்ல முன் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். எங்கள் பொடியன் கிள்ளியது வாசிப்புப் பாடத்தில் மட்டும்தான்.

இன்னொரு சின்ன வழி உண்டு. பொருளில்லாத சொல் எழுதிக் கொடுங்கள். 'கொபிதெ', 'மெலுசா' இப்படி. மனனத்தால் சமாளிக்கும் பிள்ளை இங்கே அகப்படும், ஏனென்றால் ஊகிக்க ஒன்றும் இல்லை.

ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிலர் 'எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுகிறானா' என்று தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் பியும் டியும் ஒன்றையொன்று திருப்பிய வடிவம், அதனால் அந்தப் பிழை அங்கே கண்ணில் படும். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் அதைச் செய்வதுண்டு. தமிழில் தேட வேண்டிய இடங்கள் வேறு. கெ, கே, கை எழுதும்போது குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கு, து, மு என்று உகரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு உருவம் எடுக்கிறது. க என்ற ஓரெழுத்தே கடல், தங்கம், பகல் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. ண, ன, ந. ல, ள, ழ வேறு. இதற்கு மேல் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். எங்கள் அனுபவத்தில் சிக்கலுள்ள பிள்ளை குற்றை விடும், நெடிலைக் குறிலாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிக மெதுவாக வாசிக்கும்.

முஸ்லிம் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. எங்கள் பிள்ளை தமிழ், அரபு, ஆங்கிலம், சிங்களம் என்று நான்கு எழுத்துக்களைச் சுமக்கிறது. அதில் ஒன்று வலமிருந்து இடம். பா, தா, ஸா மூன்றையும் புள்ளியை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். மத்ரஸாவில் பிள்ளை சூராக்களை அழகாக ஓதுகிறது, பாடசாலையில் வாசிக்கவில்லை என்றால் உடனே 'பாடசாலைப் பாடத்தில் விருப்பமில்லை' என்று முடிவெடுக்காதீர்கள். மௌலவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கேட்டு மனனமாக ஓதுகிறதா, எழுத்தைப் பார்த்து ஓதுகிறதா? ஓதாத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தால் என்ன செய்கிறது? எங்கள் ஊர் மௌலவி ஒருவர் இதைச் செய்துபார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தார். "ஆறு பேரில ரெண்டு பேர் கிதாபப் பாக்கவே இல்ல சேர், என்ட வாயத்தான் பாக்குறாங்க" என்றார். அந்த இரண்டு பேரும் எங்கள் பதிவேட்டில் மெல்லக் கற்போர்.

சில பிள்ளைகளுக்கு இரண்டுமே இருக்கும். அது அரிதல்ல. ஒன்று உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்கு தொடக்கம் பத்தில் நான்கு பங்கு வரை மற்றதும் இருப்பதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியானால் இரண்டுக்கும் தனித்தனியாக உதவி வேண்டும். கவனத்துக்கான மருந்து எழுத்தைக் கற்றுக்கொடுக்காது. எழுத்துப் பயிற்சி கவனத்தை ஒட்டவைக்காது. பிரித்தறிய வேண்டும் என்று நாங்கள் இவ்வளவு மினக்கெடுவது பெயருக்காக இல்லை, இதற்காகத்தான்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் கண்ணும் காதும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வரும் நாளில் பிள்ளையை மறிக்காதீர்கள். காதில் சீழ் வடிந்த பிள்ளை ஒலியைப் பிரித்துக் கேட்காது. பிறகு இரண்டு தவணை ஒழுங்கான கற்பித்தல். நாளுக்கு இருபது நிமிடம், ஒலியிலிருந்து எழுத்துக்கு, தவறாமல். இடைவெளியால் பின்தங்கிய பிள்ளை இதில் ஏறிவிடும், எங்கள் கொரோனாப் பிள்ளைகளில் பலர் ஏறினார்கள். அதற்குப் பிறகும் ஏறாத பிள்ளையை வலயத்தின் விசேட கல்வி ஆசிரிய ஆலோசகரிடமும், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். 'இது இன்னது' என்று முடிவாகச் சொல்வது வைத்தியரின் வேலை, எங்களுடையது அல்ல. உளநலப் பிரிவு என்றதும் பயப்படுகிறவர்கள் எங்களோடு கதையுங்கள், கூட வருவோம். பரீட்சைகளில் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் இருக்கின்றன. ஆனால் கையில் அறிக்கை இல்லாமல் கேட்க முடியாது. புலமைப்பரிசில் பரீட்சை வரும் வருடத்தில் ஓடித்திரிந்து பயனில்லை, மூன்றாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

அந்த உம்மாவின் மகனைப் போன கிழமை இடைவேளையில் பக்கத்தில் இருத்தினோம். ஒரு நரிக் கதை வாசித்துக் காட்டினோம். முழுக்கத் திருப்பிச் சொன்னான். நாங்கள் வாசிக்கும்போது தவறவிட்ட ஒரு வரியையும் "அந்த இடத்தில நரி என்ன செஞ்சது சேர்?" என்று கேட்டு வாங்கினான். பிறகு 'கொபிதெ' என்று எழுதிக் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தான். "கோபி" என்றான். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தான்.

கண் பரிசோதனைக்குத் துண்டு கொடுத்திருக்கிறோம். திங்கள் தொடக்கம் காலைக் கூட்டத்துக்கு முன் இருபது நிமிடம் அவனும் மத்ரஸாவின் அந்த இரண்டு பேரும் எங்களோடு இருப்பார்கள். இன்னும் மூன்று நான்கு பேருக்கு வாங்கில் இடமிருக்கிறது. ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொப்பி தேவையில்லை.